ஒரு நாய்க்கு எட்டணா

செத்த நாய்க்கு எட்டணா. உயிரோடு இருக்கிற நாய்க்குக் காலணாகூடக் கிடையாது.

1832-ம் வருடம் பம்பாயில் அரசாங்கம் போட்ட ரேட் இது. கிழக்கிந்திய கம்பெனியின் ஆட்சி. வெயில் காலம் வந்தால் தெருநாய்களுக்கு வெறி பிடிக்கும், ஆகவே அந்த மாதங்களில் மட்டும் அவற்றைக் கொல்லலாம் என்று 1813லேயே ஒரு விதி செய்து வைத்திருந்தார்கள். 1832ல் நாய்கள் ரொம்பப் பெருகிவிட்டன என்று தோன்றியதும் கொல்லும் சீசனை ஜூன் மாத நடுப்பகுதிவரை நீட்டித்தார்கள். கூடவே இனாமும் அறிவித்தார்கள். ஒரு நாயைக் கொன்று கணக்குக் காட்டினால் எட்டணா.

அன்றைக்கு அரை ரூபாய் என்பது ஒரு கூலிக்காரருக்குச் சின்னக் காசு அல்ல. என்ன நடந்திருக்கும்? நீங்கள் ஊகிப்பது சரி. வெறிபிடித்த நாயைத் தேடிப் போய் மல்லுக்கட்டுவது ஆபத்தான வேலை. வாசலில் படுத்துத் தூங்குகிற நாயை அடிப்பது சுலபம். இரண்டுக்கும் ஒரே எட்டணாதான். சாது நாய், வளர்ப்பு நாய் என்று கையில் கிடைத்ததையெல்லாம் போட்டுத் தள்ள ஆரம்பித்தார்கள். வீட்டுக்குச் சொந்தமான நாய்களையும் விடவில்லை.

பம்பாய் அப்போது பார்சிகள் செல்வாக்கோடு வாழ்ந்த நகரம். பார்சிகளுக்கு நாய் வெறும் காவல் பிராணி இல்லை. அவர்களுடைய இறுதிச் சடங்கில் நாய்க்கு ஒரு வேலை உண்டு. இறந்தவரின் உடலை ஒரு நாயின் பார்வை படும்படி வைப்பார்கள். 'சக்தீத்' என்று அதற்குப் பெயர். அப்பேர்ப்பட்ட பிராணியை அவர்கள் வீட்டு வாசலிலேயே தடியால் அடித்தால் சும்மா இருப்பார்களா?

ஜூன் 6. பார்சிகளுக்கு அது புனித நாள் வேறு. கோட்டைப் பகுதியில் நாய்களைக் கொன்றுகொண்டிருந்த இரண்டு ஐரோப்பிய கான்ஸ்டபிள்களைக் கூட்டம் சூழ்ந்துகொண்டு அடித்தது. மறுநாள் கடைகள் அடைப்பு. இன்றைய பாஷையில் சொன்னால் பந்த். ஜைனர்களும் இந்துக்களும் இஸ்மாயிலி முஸ்லிம்களும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். கொலாபாவில் இருந்த பட்டாளத்துக்குப் போகவேண்டிய சாப்பாட்டுச் சாமான்களை வழியில் மறித்தார்கள். வெள்ளைக்கார சோல்ஜர் பசியோடு இருந்தால் கம்பெனிக்குப் பொறுக்குமா? ராணுவம் வந்தது. கைது, விசாரணை, தண்டனை எல்லாம் நடந்தது.

இந்திய சரித்திரத்தில் 'பம்பாய் நாய்க் கலவரம்' என்று இதற்கு ஒரு தனிப் பக்கமே உண்டு.

ஜாம்செட்ஜி ஜீஜிபாய் மாதிரியான பெரிய மனிதர்கள் நடுவில் புகுந்து சமாதானம் பேசினார்கள். கொல்வதற்குப் பதில் நாய்களைப் பிடித்து ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடலாம் என்று அரசாங்கம் இறங்கி வந்தது. இரண்டு வருடம் கழித்து, 1834ல், ஜீஜிபாயும் மோதிசந்த் அமிசந்த் என்கிற ஜைன வியாபாரியும் சேர்ந்து பம்பாய் பிஞ்ச்ராபோலை ஆரம்பித்தார்கள். ஆதரவற்ற பிராணிகளுக்கான காப்பகம். அரசாங்கம் செய்யாததை வியாபாரிகள் தங்கள் காசில் செய்தார்கள்.

அரசாங்கத்துக்கு ரொம்ப சௌகரியமாகப் போயிற்று. புண்ணியம் பண்ண ஆள் இருக்கிறது, நமக்கென்ன?

நான் பி.காம். படித்தவன். சரித்திரத்தைப் படித்தாலும் கண் கணக்குப் பக்கம்தான் போகும். இந்த எட்டணா விவகாரத்தைப் படித்தபோது எனக்கு உறுத்தியது கருணை, கொடுமை என்பதெல்லாம் அப்புறம்தான். முதலில் உறுத்தியது அந்த யூனிட். 'ஒரு நாய்க்கு' என்று கணக்கு வைத்தார்கள் பாருங்கள், அது. வியாதி குறைந்ததா, தெரு பத்திரமாக ஆனதா என்று கேட்கவில்லை. எத்தனை உருப்படி என்று கேட்டார்கள். எதை எண்ணுகிறாயோ அதுதான் கிடைக்கும் என்பது காஸ்ட் அக்கவுண்டிங்கின் பாலபாடம். செத்த நாயை எண்ணினார்கள். செத்த நாய்கள் கிடைத்தன.

இதே வெள்ளைக்கார சர்க்கார் மாட்டு விஷயத்தில் எப்படி நடந்துகொண்டது என்று பாருங்கள். 1871ல் கால்நடை அத்துமீறல் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். உங்கள் மாடு அடுத்தவன் வயலில் மேய்ந்தால் பிடித்துக்கொண்டு போய்ப் பவுண்டில் அடைப்பார்கள். சில ஊர்களில் பட்டி என்பார்கள், சில ஊர்களில் கொண்டி. அடைத்த மாட்டுக்குத் தீனியும் தண்ணீரும் காட்டவேண்டியது பவுண்டுக்காரரின் சட்டப்படியான கடமை. மாட்டுக்காரர் அபராதத்தையும் தீனிச் செலவையும் கட்டி ஓட்டிக்கொண்டு போகலாம். குறித்த கெடுவுக்குள் வராவிட்டால் ஏலம்.

ஏன் மாட்டுக்கு மட்டும் இந்த மரியாதை? மாட்டுக்குச் சொந்தக்காரன் உண்டு. அது ஆஸ்தி. தெருநாய்க்கு யாரும் இல்லை. ஆகவே அது வாராக்கடன். தள்ளுபடி செய்துவிடவேண்டியதுதான்.

இந்தத் தள்ளுபடிக் கொள்கை பம்பாயோடு நிற்கவில்லை. நம்ம மெட்ராஸுக்கும் வந்தது.

மெட்ராஸ் மாநகராட்சி 1860 வாக்கில் தெருநாய்களைக் கொல்ல ஆரம்பித்தது. சென்னை ப்ளூ கிராஸின் டாக்டர் எஸ்.சின்னி கிருஷ்ணா இந்தச் சரித்திரத்தைத் தோண்டி எழுதியிருக்கிறார். அவர் கணக்குப்படி ஆரம்ப காலத்தில் நாளொன்றுக்கு ஒரு நாய்க்கும் குறைவாகத்தான் கொன்றார்கள். 1995ல் அது நாளொன்றுக்கு 135 வரை போய்விட்டது.

கவனியுங்கள். நூற்று முப்பத்தைந்து வருடம் விடாமல் கொன்ற பிறகு, கொல்லவேண்டிய எண்ணிக்கை நூறு மடங்குக்கு மேல் அதிகமாகியிருக்கிறது. ஒரு கம்பெனி இப்படி ஒரு பேலன்ஸ் ஷீட் காட்டினால் ஆடிட்டர் என்ன சொல்லுவார்? கடையை மூடு என்பார்.

நாளொன்றுக்கு 135 என்றால் வருடத்துக்கு 49 ஆயிரத்துச் சொச்சம். மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். எழுபதுகளின் ஆரம்பத்தில் இப்படிச் செத்த நாய்களின் எண்ணிக்கை எந்த அளவுக்கு இருந்தது என்றால், அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நாய்த்தோலிலிருந்து கழுத்து டை, மணிபர்ஸ் எல்லாம் வடிவமைத்துப் பார்த்ததாகச் சின்னி கிருஷ்ணா எழுதுகிறார். கச்சாப் பொருள் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறதல்லவா? விஞ்ஞானிகளைச் சொல்லிக் குற்றமில்லை.

கொன்றும் ஏன் குறையவில்லை? பெரிய மர்மமெல்லாம் இல்லை. ஒரு தெருவில் எத்தனை நாய் இருக்கும் என்பதை அந்தத் தெருவின் குப்பைத்தொட்டி தீர்மானிக்கிறது. பத்து நாய்க்குச் சோறு இருந்தால் பத்து நாய் இருக்கும். ஐந்தைக் கொன்றால் சோறு மிச்சம். மிச்சமான சோற்றுக்குப் பக்கத்துத் தெரு நாய் வரும். இருக்கிற பெட்டை நாயின் குட்டிகள் பட்டினி கிடக்காமல் பிழைக்கும். நாயின் கர்ப்ப காலம் அறுபத்து மூன்று நாள் சொச்சம்தான். வருடத்துக்கு இரண்டு ஈடு போடும். மாநகராட்சி வண்டி ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் காலியிடம் நிரம்பிவிடும்.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. தடுப்பூசி போட்ட நாயும் வண்டியில் ஏறிவிட்டால், அதன் இடத்துக்கு வருவது ஊசி போடாத நாய். போன வருடம் பாதுகாப்பாக இருந்த தெரு இந்த வருடம் பாதுகாப்பில்லாமல் ஆகிவிடும்.

என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1988. காவிரிக்கரையில் ஒரு சின்ன முனிசிபாலிட்டி ஊர். எனக்கு எட்டு வயது. ட்யூஷனுக்குப் போகிற வழியில் ஒரு செவலை நாய் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. உங்களில் நாற்பது வயசைத் தாண்டியவர்களுக்குத் தெரிந்திருக்கும், அப்போதெல்லாம் நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. ஆட்டு மூளைத் திசுவிலிருந்து செய்த மருந்து. டேவிட் செம்பிள் என்கிற வெள்ளைக்கார டாக்டர் கசௌலியில் 1911 வாக்கில் கண்டுபிடித்தது. நரம்பு பாதிக்கும் அபாயம் இருக்கிறது என்று உலகம் கைவிட்ட பிறகும் நாம் விடவில்லை. 2004-05 வாக்கில்தான் இந்தியாவில் அதற்கு முழுசாக டாட்டா காட்டினோம்.

பதினான்கு நாளும் அம்மா என்னை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நடுவில் ஒரு நாள் முனிசிபாலிட்டியின் நாய் வண்டி எங்கள் தெருவுக்கு வந்தது. காக்கிச்சட்டை போட்ட ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு இறங்கி, 'எந்த நாய் தம்பி கடிச்சுது?' என்று கேட்டார்.

செவலை நாய் அங்கே இல்லை. எனக்குப் பெரிய மனுஷத்தனமாக ஏதாவது சொல்லவேண்டும்போல இருந்தது. டீக்கடை வாசலில் கறுப்பாக ஒன்று படுத்திருந்தது. கையை நீட்டிவிட்டேன்.

மீதியை அப்புறம் சொல்கிறேன். முதலில் டெல்லிக்குப் போய் வருவோம். மெட்ராஸில் கொன்றுகொண்டிருந்ததற்கெல்லாம் சட்டம் இடம் கொடுத்தது. அந்தச் சட்டம் எப்படி வந்தது என்று தெரியவேண்டாமா?

ருக்மிணி தேவி அருண்டேல் என்றால் நமக்குக் கலாக்ஷேத்ரா ஞாபகம் வரும். பரதநாட்டியம் ஞாபகம் வரும். 1952ல் ராஜ்யசபாவுக்கு நியமன உறுப்பினராகப் போனவர், 1953ல் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். பிராணிகளை வதைப்பதைத் தடுக்கவேண்டும் என்று. அதற்கு முன்னால் இருந்தது 1890-ம் வருடத்து வெள்ளைக்காரச் சட்டம். பிரதமர் நேரு, அரசாங்கமே ஒரு மசோதா கொண்டுவரும் என்று வாக்குக் கொடுத்தார். ருக்மிணி தேவி தம்முடையதை வாபஸ் வாங்கிக்கொண்டார். 1960ல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962ல் பிராணிகள் நல வாரியம் அமைந்தது. அவர்தான் முதல் தலைவர். தலைமையகம் மெட்ராஸ். 2018ல் ஹரியானாவுக்கு மாறும்வரை இங்கேதான் இருந்தது.

இனிமேல்தான் வேடிக்கை. அந்தச் சட்டத்தின் 11-ம் பிரிவு எதெல்லாம் வதை என்று நீளமாக ஒரு லிஸ்ட் போடுகிறது. அடிப்பது, உதைப்பது, அதிகச் சுமை ஏற்றுவது, பட்டினி போடுவது. நல்லது. கூடவே எதெல்லாம் வதை ஆகாது என்று இன்னொரு லிஸ்ட். அதில் ஒரு வரி: தெருநாய்களைக் கொலைக்கூண்டில் வைத்தோ, விதிகள் சொல்லும் வேறு முறையிலோ அழிப்பது வதை ஆகாது.

அதாவது, நீங்களோ நானோ நாயை உதைத்தால் வதை. அரசாங்கம் கூண்டில் போட்டுக் கொன்றால் நிர்வாகம். நம்ம உதைக்கும் பெரிய அபராதம் கிடையாது. 1982ல் சட்டத்தைத் திருத்தியபோதுகூட, முதல் தடவை என்றால் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் என்றுதான் வைத்தார்கள்.

ஆகக்கூடி, பிராணிகளுக்காகவே போட்ட சட்டத்திலும் சொந்தக்காரன் இல்லாத நாய்க்கு ஒரு விதிவிலக்கு. எட்டணா மனோபாவம் சுதந்தரம் வாங்கியும் போகவில்லை.

இந்த இடத்தில்தான் ஒரு மெட்ராஸ் குடும்பம் வருகிறது. கேப்டன் வி.சுந்தரம். விமானி. அவர் மனைவி உஷா சுந்தரமும் விமானி. 1959ல் ஒரு மழை நாளில் வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை வீட்டுக்குத் தூக்கி வந்ததில் ஆரம்பித்ததுதான் ப்ளூ கிராஸ். சின்னி கிருஷ்ணா அவர்கள் மகன்.

1964ல் ப்ளூ கிராஸ் மாநகராட்சியிடம் ஒரு யோசனை சொன்னது. கொல்லாதீர்கள். பிடியுங்கள், கருத்தடை ஆபரேஷன் செய்யுங்கள், வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடுங்கள், பிடித்த இடத்திலேயே திரும்ப விடுங்கள். தெருவில் அதன் இடத்தை அதுவே காவல் காக்கும். புது நாய் வராது, குட்டியும் போடாது, வியாதியும் பரப்பாது. திட்டத்துக்கு வைத்த பெயர் அனிமல் பர்த் கன்ட்ரோல். சுருக்கினால் ஏபிசி. ஏபிசி மாதிரி அவ்வளவு சுலபம் என்று அர்த்தம்.

மாநகராட்சி சம்மதித்தது 1996ல். முப்பத்திரண்டு வருடம்! அவ்வளவு சுலபம்.

சம்மதித்ததும் என்ன ஆயிற்று? சென்னையில் 1996ல் வெறிநாய்க்கடியால் செத்தவர்கள் 120 பேர், 2003ல் 5 பேர், 2007ல் ஒருவரும் இல்லை என்பது ப்ளூ கிராஸ் சொல்லும் கணக்கு. சம்பந்தப்பட்டவர்கள் தரும் கணக்குதானே என்று நீங்கள் சந்தேகப்படலாம். நியாயம். ஆனால் ஜெய்ப்பூரைப் பாருங்கள். 1994லிருந்து அங்கே இதே வேலை நடந்தது. எட்டு வருடத்தில் கிட்டத்தட்ட 25 ஆயிரம் நாய்களைப் பிடித்தார்கள். முடிவு 2006ல் ஆராய்ச்சிக் கட்டுரையாகவே வந்தது. திட்டம் நடந்த பகுதியில் தெருநாய்கள் 28 சதவிகிதம் குறைந்திருந்தன. அந்தப் பகுதியில் மனிதர்களுக்கு வெறிநாய்க்கடி நோய் வருவது நின்றே போயிருந்தது.

உலக சுகாதார நிறுவனமும் இதைத்தான் சொல்லியது. நாய்களைக் கொன்று வெறிநோயை ஒழித்ததற்கு எங்கேயும் ஆதாரம் இல்லை. ஊரில் இருக்கிற நாய்களில் 70 சதவிகிதத்துக்குத் தடுப்பூசி போட்டால் நோயின் சங்கிலி அறுந்துவிடும்.

2001 டிசம்பரில் மத்திய அரசு இதையே நாடு முழுதுக்கும் விதியாக்கியது. தெருநாயைக் கொல்லக்கூடாது. குணப்படுத்தவே முடியாத நிலையில் இருப்பதைத்தான் வலியில்லாமல் முடிக்கலாம். மற்றதெல்லாம் ஆபரேஷன், ஊசி, பழைய இடம். நாய் பிடிக்கும் வண்டி, கூடம், ஆம்புலன்ஸ் எல்லாம் ஏற்பாடு செய்யவேண்டியது உள்ளாட்சி அமைப்பின் கடமை. பிராணி வதைத் தடுப்பு நகராட்சிகளின் வேலை என்று அரசியல் சட்டத்தின் 12-வது அட்டவணையில் 1992லேயே எழுதியாயிற்று. பிராணிகளிடம் கருணை காட்டுவது குடிமகனின் கடமை என்று 1976லேயே எழுதியாயிற்று. காகிதத்தில் எந்தக் குறையும் கிடையாது.

அப்புறம் ஏன் இன்றைக்கும் தெருவில் கை நிறையக் கல்லோடு நடக்கிறோம்?

மறுபடியும் அந்த யூனிட்தான் சார். விதி மாறியது. கணக்கெழுதும் முறை மாறவில்லை. கருத்தடை ஆபரேஷனுக்கு வாரியத்தின் திட்டத்தில் ரொம்ப காலம் இருந்த ரேட், ஒரு நாய்க்கு 445 ரூபாய். பிடித்து விடுவதற்கு 75, ஆபரேஷனுக்கும் பராமரிப்புக்கும் 370. எட்டணா 445 ஆகிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். செத்த நாய்க்குப் பதில் உயிருள்ள நாய், அதுவும் பெரிய முன்னேற்றம்தான். ஆனால் 'ஒரு நாய்க்கு' என்பது அப்படியே இருக்கிறது.

ஒரு பகுதியில் நூறு நாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுபதுக்கு ஒரே மூச்சில் ஆபரேஷன் செய்தால் எண்ணிக்கை இறங்கும். இங்கே பத்து, அங்கே பத்து என்று வருடம் முழுக்க ஊரெல்லாம் சுற்றிச் செய்தால், மிச்சமுள்ளவை போடுகிற குட்டிகளே அதைச் சரிக்கட்டிவிடும். இரண்டுக்கும் செலவு ஒன்றுதான். பில் ஒன்றுதான். ஆண்டறிக்கையில் இத்தனை ஆயிரம் நாய்களுக்கு ஆபரேஷன் என்று பெருமையாகப் போட்டுக்கொள்ளலாம். பலன் மட்டும் ஒன்றில் உண்டு, இன்னொன்றில் இல்லை.

சென்னையையே எடுத்துக்கொள்ளுங்களேன். முன்னோடி நகரம். 2018 கணக்கெடுப்பில் தெருநாய்கள் சுமார் 57 ஆயிரம். 2024 கணக்கெடுப்பில் சுமார் 1.8 லட்சம். அவற்றில் கருத்தடை ஆனவை நூற்றுக்கு 27 என்ற அளவில்தான் இருந்தன. 70 எங்கே, 27 எங்கே!

விலை யார் கொடுத்தார்கள்? 2024ல் நாடு முழுக்க 37 லட்சத்துக்கு மேல் நாய்க்கடிகள் பதிவாயின. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 4.8 லட்சம். 43 பேர் வெறிநோயில் செத்தார்கள். நாடு முழுக்க வருடத்துக்கு ஐயாயிரத்து எழுநூறு பேர் வரை சாகலாம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் செய்த ஆய்வின் மதிப்பீடு. இந்த நோயில் உலகமெங்கும் அதிகம் மாட்டிக்கொள்வது குழந்தைகள். அதிலும் தெருவில் விளையாடுகிற குழந்தைகள். காரில் ஸ்கூலுக்குப் போகிற குழந்தைகள் குறைவு.

ஆகவே நாயைக் கொல்லாதே என்று சொல்வதோடு கடமை முடிந்துவிடுவதாக எனக்குத் தோன்றவில்லை. கடிபட்ட குழந்தையின் அம்மாவிடம் போய்க் கருணை பற்றிப் பேசிப் பாருங்கள். அவள் கோபம் நியாயமானது. அது போகவேண்டிய விலாசம்தான் தப்பாகிவிடுகிறது. நாய்க்கு அரசாங்கம் செய்யத் தவறியதும் அவள் குழந்தைக்குச் செய்யத் தவறியதும் இரண்டு தனித்தனி பாக்கி இல்லை. ஒரே பாக்கி.

கோபம் ஏறும்போதெல்லாம் எல்லாவற்றையும் பிடித்து எங்கேயாவது கொண்டுபோய்ப் போடு என்று ஒரு குரல் எழும். 1832ல் பம்பாயில் எழுந்தது. 1910ல் இஸ்தான்புல்லில் எழுந்தது. நகரத்தை நவீனமாக்குகிறோம் என்று பல்லாயிரக்கணக்கான தெருநாய்களைப் பிடித்துக் கப்பலேற்றி, மர்மரா கடலில் உள்ள சிவ்ரியடா என்கிற பாறைத் தீவில் இறக்கிவிட்டு வந்தார்கள். தண்ணீர் கிடையாது. சாப்பாடு கிடையாது. அவற்றின் ஊளை நகரம்வரை கேட்டதாகச் சொல்வார்கள். பின்னால் வந்த யுத்தங்களுக்கும் கஷ்டங்களுக்கும் அந்தப் பாவம்தான் காரணம் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். சரி, அதோடு நாய்ப் பிரச்னை தீர்ந்ததா? 2004ல் துருக்கி பிடி, ஊசி போடு, திரும்ப விடு என்று சட்டம் போட்டது. நகராட்சிகள் ஒழுங்காகச் செய்யவில்லை. 2024ல் எல்லாவற்றையும் பிடித்துக் காப்பகத்தில் அடை என்று சட்டத்தை மாற்றியது.

நமக்கும் அந்தக் கட்டம் வந்தது. 2025 ஆகஸ்ட் 11. டெல்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள தெருநாய்கள் எல்லாவற்றையும் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கவேண்டும், திரும்ப விடக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டின் இரண்டு நீதிபதி பெஞ்ச் உத்தரவிட்டது. எட்டு வாரத்துக்குள் 5,000 நாய்களுக்கு இடம் பண்ணி ஆரம்பிக்கச் சொன்னது. நாடே இரண்டாகப் பிரிந்து கத்தியது. ஆகஸ்ட் 22ல் மூன்று நீதிபதிகள் பெஞ்ச் அதை மாற்றியது. வெறிபிடித்தவை, மூர்க்கமானவை தவிர மற்றதையெல்லாம் ஆபரேஷன் செய்து, ஊசி போட்டுப் பழைய இடத்தில் விடலாம். சோறு போடுவதற்குத் தனி இடம் ஒதுக்கு. நவம்பர் 7ல் இன்னொரு உத்தரவு: பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களிலிருந்து பிடித்தவற்றை அதே இடத்தில் திரும்ப விடக்கூடாது.

நான்கு மாதத்துக்குள் மூன்று உத்தரவு. ஒவ்வொன்றைப் பற்றியும் கட்சி கட்டிச் சண்டை போட்டோம். மூன்று உத்தரவும் ஒரே இலாகாவின் மேஜைக்குத்தான் போயாகவேண்டும். வண்டி, டாக்டர், கூண்டு, ஊசி, ஆள், பட்ஜெட் வைத்திருக்கவேண்டிய நகராட்சியின் மேஜைக்கு. அங்கே அவை இல்லாவிட்டால், கொல் என்றாலும் நடக்காது, காப்பாற்று என்றாலும் நடக்காது.

செய்யவே முடியாத வேலையா? கோவா செய்தது. மாநில அரசும் மிஷன் ரேபிஸ் என்கிற தொண்டு அமைப்பும் 2013லிருந்து கை கோத்தன. அங்கே நாயை எண்ணவில்லை. இடத்தை எண்ணினார்கள். ஊரைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, செல்போனில் வரைபடம் வைத்துக்கொண்டு, இந்தக் கட்டத்தில் 70 சதவிகிதம் ஆயிற்றா என்று பார்த்து அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். முடிந்ததும் கைகழுவிவிடவில்லை. மறு வருடம் மறுபடி முதல் கட்டத்திலிருந்து. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நாயிடம் எப்படி நடந்துகொள்வது, கடித்தால் என்ன செய்வது என்று பாடம். சந்தேகப்படும் நாயைப் பற்றித் தகவல் சொல்ல போன் நம்பர். 2019க்குள் நாய்களிடம் வெறிநோய் 92 சதவிகிதம் குறைந்தது. 2018லிருந்து சில வருடங்களுக்கு மனிதச் சாவு ஒன்றுகூடப் பதிவாகவில்லை.

மந்திரமில்லை, மாயமில்லை. வருடா வருடம் செய்தார்கள், அவ்வளவுதான். ரோடு போடுவது ஒரு தடவைச் செலவு. அதைப் பெருக்குவது தினசரிச் செலவு. தெருநாய் விஷயம் பெருக்குகிற ஜாதி. நம்ம அரசாங்கங்கள் அதை ரோடு போடுகிற ஜாதி என்று நினைத்து டெண்டர் விடுகின்றன. ஊர்க் குப்பையை ஒழுங்காக அள்ளினாலே பாதி வேலை முடிந்துவிடும். குப்பை அள்ளுவதும் அதே நகராட்சிதான் என்பதை நினைவில் வையுங்கள்.

சரி. டீக்கடை வாசலில் விட்ட இடத்துக்கு வருகிறேன்.

கறுப்பு நாய் நிஜமாகவே கடித்திருந்தாலும், அதைப் பத்து நாள் கட்டிப்போட்டுக் கவனித்திருக்க வேண்டும். பத்து நாளும் அது நன்றாக இருந்தால் கடிக்கும்போது அதற்கு வெறிநோய் இல்லை என்று அர்த்தம். உலகம் முழுக்கப் பின்பற்றும் முறை இது. கம்பி வளையம் வந்து கழுத்தில் விழுந்தபோது அந்த நாய் ஓடக்கூட இல்லை. பழகிய மனுஷர்கள்தானே என்று வாலை ஆட்டியது. டீக்கடைக்காரர், 'அது யாரையும் கடிக்காதுங்க' என்று இரண்டு தடவை சொன்னார். சத்தமாகச் சொல்லவில்லை. அதற்கு முன்னால்வரை எனக்குப் பொறை பிஸ்கெட் எடுத்துக் கொடுப்பார். அப்புறம் கொடுக்கவில்லை. நானும் அந்தக் கடை வாசல் வழியாகப் போவதை விட்டுவிட்டேன்.

என்னைக் கடித்த செவலை அடுத்த வாரமும் அதே தெருமுனையில் நின்றுகொண்டிருந்தது.

காக்கிச்சட்டைக்காரர்மேல் எனக்கு இப்போது கோபமில்லை. அவரிடம் ஊசி இல்லை, டாக்டர் இல்லை, பத்து நாள் கட்டிவைக்க ஒரு கொட்டகை இல்லை. கம்பியும் நோட்டும் மட்டும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். வண்டியின் கதவைச் சாத்திவிட்டு அந்த நோட்டைப் பிரித்து ஏதோ எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன்.

'1' என்று எழுதியிருந்தார்.